பைதானா ரியாக்டா என்று கேட்பதற்கு முன்: வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ் செய்ய எதைக் கற்பது?

கேள்வியின் சுருக்கம்: காட்பாடியில் வீடு. பி.சி.ஏ. முடித்து நான்கு வருட இடைவெளி. பிள்ளை பள்ளிக்குப் போனபின் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை நேரம் கிடைக்கும். பைதான், ரியாக்ட், டேட்டா சயின்ஸ் மூன்றில் எதைக் கற்றால் ஃப்ரீலான்ஸ் வேலை வரும்?

இப்போதைக்கு மூன்றுமே வேண்டாம். ரியாக்டில் முழு ஆப் கட்டுவதும் டேட்டா சயின்ஸும் பெரும்பாலும் குழுவாகச் செய்கிற, மாதக்கணக்கில் இழுக்கிற வேலைகள். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது சில்லறைப் பழுது: ஒரு நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. எந்தத் திறனில் அந்தச் சில்லறைப் பழுது ஓயாமல் வருகிறதோ அதைப் பிடியுங்கள். மொழியின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

உங்கள் நிலைக்கு எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஆட்டோமேஷன் முதல் இடம். வேர்ட்பிரஸ் (இணையதளம் கட்டும் மென்பொருள்) பழுது இரண்டாம் இடம்.

எக்செல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பழைய வட ஆற்காட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்), ஷூ கம்பெனிகள் பலவற்றில் ஏற்றுமதி பேக்கிங் லிஸ்ட் இன்னும் கையால் தட்டுகிற ஷீட்தான். ஆர்டிகிள் நம்பர், நிறம், 39 முதல் 45 வரை சைஸ், எந்த அட்டைப்பெட்டியில் எத்தனை ஜோடி என்று வரும். ஒவ்வொரு வாங்குபவரும் ஒவ்வொரு வடிவத்தில் கேட்பார். ஒரே தகவலை நான்கு வடிவத்தில் மாற்றித் தருகிற ஷீட்டைக் கட்டத் தெரிந்தால் அதற்குக் காசு உண்டு.

தோலில் இன்னொரு நுணுக்கம். இங்கே கணக்கு சதுர அடியில். வெளிநாட்டு வாங்குபவர் சிலர் சதுர டெசிமீட்டரில் கேட்பார்கள். 1 சதுர அடி 9.2903 சதுர டெசிமீட்டர். ஃபார்முலாவில் யாராவது 9.3 என்று போட்டு வைத்திருந்தால், 10,000 சதுர அடிச் சரக்கில் 97 சதுர டெசிமீட்டர், அதாவது சுமார் 10 சதுர அடி, அதிகமாகக் காட்டும். ஒவ்வொரு தோலுக்கும் தனித்தனியாக ரவுண்ட் செய்துவிட்டுக் கூட்டினால் பல நேரம் இன்வாய்ஸ் தொகையோடு ஒத்துப்போகாது. கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே தடவை ரவுண்ட் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் "டோட்டல் உதைக்குது" என்று புலம்பும்போது பாதி நேரம் காரணம் இதுபோன்ற ஒன்றுதான். ஃபார்முலாவை இன்று ஏஐ எழுதித் தந்துவிடும். எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் உங்களுக்குக் கூலி.

கற்கும் வரிசை: பிவட் டேபிளும் (தகவலைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) தேடல் ஃபார்முலாக்களும் 2 வாரம், பவர் குவெரி (எக்செலில் தரவை இழுத்துச் சுத்தம் செய்யும் கருவி) 4 வாரம், ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் ஷீட்ஸைத் தானாக இயக்க எழுதும் நிரல்) 6 வாரம். தினமும் 2 மணி நேரம் இதற்கு. மீதி ஒரு மணி நேரம் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட்தான், பி.சி.ஏ.வில் படித்தது கை கொடுக்கும்.

இதில் அடிக்கடி சறுக்குகிற இடங்கள் சில. எக்ஸ்லுக்கப் என்ற தேடல் ஃபார்முலா எக்செல் 2016, 2019 பதிப்புகளில் கிடையாது. உங்கள் கணினியில் அழகாக ஓடிய ஷீட் அவர்கள் அலுவலகத்தில் திறந்து கணக்கிட்டதும் பிழை காட்டும். எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள். பழையது என்றால் இண்டெக்ஸ், மேட்ச் ஃபார்முலாக்களைச் சேர்த்து எழுதுங்கள். தேதியில் 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்புள்ள கணினிக்கு மார்ச் 4. எக்செல் எண்களில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் வருவதைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். அதனால் ஆர்டர் எண், கணக்கு எண் எல்லாவற்றையும் டெக்ஸ்டாக உள்ளே இழுக்க வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் ஓடும், நாளுக்கு 100 பேருக்குத்தான் மெயில் அனுப்பும். 6 நிமிடத்தில் அறுந்துபோகிற ஸ்கிரிப்ட்டைத் திறந்தால் அநேகமாக லூப்புக்குள் ஒவ்வொரு செல்லாகப் படித்துக்கொண்டிருக்கும். முழு ரேஞ்சையும் ஒரே தடவையில் அரேயாகப் படித்து, வேலை முடித்து, ஒரே தடவையில் எழுதினால் பல நேரம் சில நொடியில் முடிந்துவிடும்.

எந்த ஷீட்டைக் கொடுத்தாலும் பழைய ஷீட்டின் மொத்தத்தையும் புதியதின் மொத்தத்தையும் அருகருகே வைத்து, வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டிக் கொடுங்கள்.

வேர்ட்பிரஸ் பக்கம் வந்தால், புது சைட் கட்டித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சரிசெய்யத் தெரிந்தவர் குறைவு. வெள்ளைத் திரை வந்தால் டீபக் லாகை (பிழைகளின் பதிவேடு) இயக்கிப் பார்ப்பது, பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்குவது, எதைத் தொடும் முன்னும் ஃபைல், டேட்டாபேஸ் இரண்டுக்கும் பேக்கப் எடுப்பது ஆகியவை அடிப்படை. வேகப் பிரச்சினைக்குக் கூகுள் வைத்திருக்கும் அளவு, பக்கத்தின் பெரிய உருப்படி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது. பெரும்பாலும் குற்றவாளி போனில் எடுத்து அப்படியே ஏற்றிய 4 எம்பி படம்.

இதில் நல்ல கூலி தருகிற, பலர் கவனிக்காத மூலை மெயில். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் ஒன்றின் சைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவிலிருந்து ஒருவர் அறை கேட்டு ஃபார்ம் நிரப்புகிறார்; லாட்ஜுக்கு மெயில் வரவே இல்லை, அல்லது ஸ்பாமில் கிடக்கிறது. அனுப்புநர் இடத்தில் அந்த வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரியையே ஃபார்ம் போட்டுவிடுவதுதான் வழக்கமான காரணம். ஜிமெயில் பெயரில் வேறொரு சர்வர் அனுப்பினால் பெறும் பக்கம் சந்தேகப்படும். அனுப்புநராக சைட்டின் சொந்த டொமைன் முகவரியையும், பதில் முகவரியாக வாடிக்கையாளர் முகவரியையும் வைத்து, எஸ்எம்டிபி (மெயில் சர்வர்) வழியாக அனுப்ப வேண்டும். டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரப் பதிவேடு) மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்று பதிவுகளும் சரியாக இருக்க வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு மணி நேர வேலை. லாட்ஜுக்கோ தவறிப்போகும் ஒவ்வொரு மெயிலும் ஒரு அறை வாடகை.

மேலே விட்டுவைத்த ஒரு மணி நேரம் சந்தையைப் படிக்க. அப்வொர்க் போன்ற தளங்களில் 50 வேலை விளம்பரங்களைப் படித்து ஒரு ஷீட்டில் எழுதுங்கள்: என்ன பழுது, என்ன கருவி, எவ்வளவு பணம், எத்தனை பேர் விண்ணப்பம், இன்றைக்கு என்னால் முடியுமா. ஒரே பழுது ஏழெட்டுத் தடவை வந்தால் அடுத்த வாரப் பாடம் அதுதான். மூன்று மாதம் கழித்து இன்னொரு 50. இதைச் செய்யாமல் சான்றிதழ் சேர்ப்பவர்கள்தான் ஒரு வருடம் கழித்து "அடுத்து எதைக் கற்பது" என்று திரும்ப வருகிறார்கள்.

விண்ணப்பத்தோடு காட்ட மூன்று மாதிரி வேலை போதும். ஒவ்வொன்றுக்கும் கலைந்து கிடந்த ஷீட், சரிசெய்த ஷீட், ஒரு நிமிடத் திரைப்பதிவு. தரவு உங்கள் கற்பனையாக இருக்கட்டும். உறவினர் வேலை செய்யும் கம்பெனியின் விலைப்பட்டியலை மாதிரியாகப் போட்டால் அவர் வேலைக்கே உலை.

உங்கள் காலை நேரம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பொருந்தும். நமக்கு ஒன்பதரை என்றால் துபாயில் எட்டு, சிங்கப்பூரில் பன்னிரண்டு. அமெரிக்கா தூங்கும் நேரம் அது, அவர்களுக்குப் பேச்சு வேண்டாத வேலையை மட்டும் எடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும் பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும், சரியாக உங்கள் மூன்று மணி நேரத்தில்! ரவுட்டருக்கு ஒரு சின்ன டிசி யுபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்க வேண்டும். லேப்டாப் 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் போதும்.

டைப்பிங் வேலை, கேப்ட்சா வேலை என்று பதிவுக் கட்டணம் கேட்பவர் பக்கமே போகாதீர்கள். பிழை அதிகம், ஒப்பந்த மீறல் என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி மிரட்டுவது அவர்களின் அடுத்த படி. மாட்டிக்கொண்டால் பணம் கட்டாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

விலை சொல்லும்போது வேலை தரும் தளங்கள் பிடிக்கும் கழிவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபைவர் தளத்தில் 20 சதவீதம் போய்விடும், 50 டாலர் வேலைக்குக் கையில் 40. அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே கனெக்ட் (காசு கொடுத்து வாங்கும் டோக்கன்) வேண்டும், ஒன்று 15 சென்ட்; ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து கனெக்ட் போனால் ஒன்றரை டாலர். கண்டதற்கெல்லாம் விண்ணப்பித்தால் முதல் மாதம் கைக்காசுதான் கரையும். வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கி எதற்கு வந்தது என்று கேட்கும். மென்பொருள் ஆலோசனை வேலைக்கான நோக்கக் குறியீடு பி0802. ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடம் சான்று வாங்கி, அந்த வேலையின் இன்வாய்ஸோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.