நேட்டோ 5-ஆம் பிரிவு: படை அனுப்புவது கட்டாயமா?

இல்லை, நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் உறுப்பு நாடுகள் எல்லாம் படை அனுப்பியே தீர வேண்டும் என்று அதன் ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு சொல்லவில்லை. ஒருவர் மீதான தாக்குதல் அனைவர் மீதுமான தாக்குதல் என்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில், ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கலாம் என்று இடமும் விடுகிறது. போர் அறிவிக்கும் அதிகாரம் கைநழுவக் கூடாது என்று ஒப்பந்தம் உருவான 1949-இல் அமெரிக்க செனட் பிடித்த பிடிவாதம் அப்படி.

செய்திகள் முதல் பாதியை மட்டும் எடுத்துப் போடுவதால் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கலாம்.

இந்தப் பாதுகாப்பு எந்தெந்தப் பகுதிகளுக்குப் பொருந்தும் என்று சொல்லும் 6-ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கடகரேகைக்குத் தெற்கே உள்ள தீவுகள் அதில் அடங்கா. தென் அட்லாண்டிக் தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போருக்கு 5-ஆம் பிரிவு பொருந்தாமல் போனது அதனால்தான்.

ஆனால், சட்ட வரியை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நடைமுறையில் உதவி வரத்தான் செய்தது: அமெரிக்கா மீதான 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 5-ஆம் பிரிவின் கீழ், நேட்டோவின் ராடார் விமானங்கள் அமெரிக்க வானில் மாதக்கணக்கில் ரோந்து சுற்றின.