மூளையில் சிப் வைத்தால் கை அசையுமா? வாசகர் கேள்விகள்

தம்பிக்குத் தண்டுவடத்தில் அடிபட்டு 2 வருடம். மூளையின் சமிக்ஞையைப் படிக்கும் சிப்பை வைத்தால் நடப்பானா?

அடி கழுத்திலா, இடுப்பிலா? நரம்பு முழுதாக அறுந்ததா? காலில் கொஞ்சமாவது உணர்ச்சி உண்டா? எதையுமே எழுதாமல் 'நடப்பானா' என்றால் நான் எதை வைத்துச் சொல்வது? 2023-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வுக் குழு மூளையையும் தண்டுவடத்தையும் கருவியால் இணைத்து ஒருவரை நடக்கவைத்தது. அவருக்குக் காயம் கழுத்தில், நரம்பு முழுதாக அறுபடவில்லை. ஊன்றுகோலோடுதான் நடந்தார். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கை அசைந்தால் போதாதா, தொடு உணர்ச்சி எதற்கு?

போதாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சிப் வைத்துக்கொண்ட ஒருவர் எண்ணத்தாலேயே ரோபோ கையை இயக்கினார். அந்தக் கையின் தொடுதலை அவர் மூளையின் உணர்வுப் பகுதிக்கு மின்துடிப்பாக அனுப்பியதும், பொருளை எடுத்து வைக்க ஆன 20 நொடி 10 ஆகக் குறைந்தது. பிடி கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்த நேரம்தான் பெரும்பாலும் மிச்சமானது.

மூளையில் ஊசி குத்துவது ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு. சிப்பில் 4 மி.மீ. சதுரத்தில் சுமார் 100 ஊசிகள், நீளம் ஒன்றரை மி.மீ. வரை. தொற்று வரலாம். சுற்றிலும் தழும்பு படிந்து சமிக்ஞை வருடாவருடம் மங்கவும் செய்யும்.

ஆய்வில் சேர்ந்தால் கருவி எனக்கே சொந்தம்தானே?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்! இது ஆய்வு, சிகிச்சை இல்லை. நிதி தீர்ந்தால் ஆய்வும் முடியும். ஓஹியோவில் 2014-ல் சிப் வைத்துக்கொண்டவர் தன் சொந்தக் கையாலேயே பாட்டிலைப் பிடித்தார், கார்டைத் தேய்த்தார். 2021-ல் தொற்றால் சிப்பை எடுத்தார்கள். அத்தோடு அந்த அசைவும் போயிற்று. செயற்கை விழித்திரை செய்த செகண்ட் சைட் நிறுவனம் 2020-ல் நொடிக்கும் நிலைக்கு வந்தபோது, உலகெங்கும் 350 பேருக்கு மேல் கண்ணில் பழுதுபார்க்க ஆளில்லாத கருவியோடு நின்றார்கள். உடம்புக்குள் ஒன்றை வைப்பவர்களுக்கு அதைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எப்போது எடுப்பார்கள், அந்தச் செலவு யாருடையது, நிறுவனம் மூடினால் யார் பழுதுபார்ப்பார்கள்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

சிப் வரும்வரை பிசியோதெரபியை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. மூட்டு இறுகிவிட்டால், எவ்வளவு நல்ல சமிக்ஞை வந்தாலும் கை மடங்காது. அப்புறம், படிவத்தைப் படியுங்கள்.