மாப்பிள்ளை டிஃபென்ஸைத் திட்டுகிறார், தம்பி ரெஃப்ரியைத் திட்டுகிறார்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸுக்கு வந்திருக்கிறேன். கும்பகோணத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கிரிக்கெட் பார்ப்பேன், சி.எஸ்.கே. ரசிகை. மாப்பிள்ளையும் அவர் தம்பியும் இங்குள்ள ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படித்தவர்கள். சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால் வந்துவிட்டால் வீடு ரெண்டுபடுகிறது. அணி கொஞ்சம் தடுமாறினாலே மாப்பிள்ளை "டிஃபென்ஸ் சரியில்லை" என்கிறார். தம்பியோ "பெனால்டி கொடுத்தே கவுத்துட்டாங்க" என்கிறார். கடைசியில் ரெண்டு பேருமாகச் சேர்ந்து "ப்ளேஆஃப் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். 2024-ல் நடந்த ஆட்டங்களுக்கு இன்னமும் சண்டை. ஞாயிற்றுக்கிழமை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பச்சைக் குழந்தை தூங்குகிற வீடு. யார் சொல்வதில் நியாயம் இருக்கிறது? நான் நடுவில் பேசலாமா, பேசாமல் அறைக்குள் போய்ப் படுத்துவிடலாமா?
– ஒரு மாமியார், கொலம்பஸ்

பதில்: அறைக்குள் போகாதீர்கள் அம்மா. போனாலும் சத்தம் கேட்கத்தான் போகிறது. அதற்கு சோஃபாவிலேயே உட்கார்ந்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளலாம். கணக்கு டீச்சருக்கு இந்த ஆட்டம் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும்.

இது நம் ஊர் கால்பந்து இல்லை; பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுவது. விதி இவ்வளவுதான். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிரணிப் பக்கத்துக் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி, கூடவே ஒரு சின்ன போனஸ். உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. நான்காவது டவுனில் பெரும்பாலும் பந்தை எதிரணிக்குத் தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் உண்மையான பரீட்சை மூன்றாவது டவுன். மற்ற விதிகள் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

முதலில் மாப்பிள்ளையின் கட்சி. எதிரணி எத்தனை புள்ளி எடுத்தது என்பதை மட்டும் பார்த்து டிஃபென்ஸுக்கு மார்க் போடுவது ரசிகர்களின் பொது வியாதி. எதிரணிக்குப் பந்து எந்த இடத்தில் கிடைத்தது என்று பார்க்காமல் மார்க் போட முடியாது. 2024 நவம்பர் 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பரம வைரியான மிச்சிகன் உங்கள் ஊருக்கே வந்து 13-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அந்த வருடம் மிச்சிகன் சுமாரான அணி. ஒஹாயோ ஸ்டேட் ஊதித் தள்ளிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சரி, அந்த 13 எப்படி வந்தது? ஒஹாயோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், வில் ஹோவர்ட். அவர் எறிந்த ஒரு பந்தை மிச்சிகன்காரர் பிடித்து, ஒஹாயோ ஸ்டேட்டின் 2 யார்டு கோடு வரைக்கும் ஓடிவந்துவிட்டார். கோட்டுக்கு இரண்டே யார்டு இருக்கும்போது "இப்போது தடுத்துக் காட்டு" என்றால் டிஃபென்ஸ் என்ன செய்யும்? அதில் 7 புள்ளி போனது. போதாக்குறைக்கு ஒஹாயோ ஸ்டேட் இரண்டு ஃபீல்டு கோல்களைக் கோட்டை விட்டது. எதிரணியை 13-ல் நிறுத்தியும் தோற்றால், டிஃபென்ஸைத் திட்டுவதில் நியாயமே இல்லை. அந்த நாளைப் பற்றி மாப்பிள்ளை டிஃபென்ஸைக் குறை சொன்னால் நீங்கள் தாராளமாக எதிர்வாதம் செய்யலாம்.

ஆனால் அதே வருடம் அக்டோபர் 12, ஆரிகன் அணியோடு நடந்த ஆட்டத்தில் மாப்பிள்ளை சொல்வது சரி. அன்று 32-31 என்று ஒரு புள்ளியில் தோல்வி. ஆரிகன் குவார்ட்டர்பேக் டில்லன் கேப்ரியல் சாவகாசமாக நின்று 341 யார்டு எறிந்தார். டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜிம் நோல்ஸ் அதற்குப் பிறகுதான் தன் ஏற்பாடுகளை மாற்றினார். யார் பாய்ந்து வருவார், யார் பின்வாங்குவார் என்று எதிரணி ஊகிக்க முடியாதபடி ஆட்களைக் கலைத்துப் போட்டார். பலன் நவம்பர் 2-ல் தெரிந்தது. பென் ஸ்டேட் அணி கோட்டுக்கு 3 யார்டு தூரத்தில் நின்றது. கையில் நான்கு டவுன். மூன்று தடவை நேரே முட்டிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. நான்காவது தடவை எறிந்தார்கள், பந்து தரையில் விழுந்தது. மீதமிருந்த ஐந்து நிமிடச் சொச்சத்தில் பென் ஸ்டேட்டுக்குப் பந்தே கிடைக்கவில்லை; 20-13. சீசன் முடிந்தபோது நாட்டிலேயே குறைவாகப் புள்ளி விட்ட அணி ஒஹாயோ ஸ்டேட்தான். சராசரி ஆட்டத்துக்கு 12.9. அக்டோபரில் திட்டியது நியாயம், ஆனால் அந்தத் திட்டு அக்டோபரோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து தம்பி. இவரிடம் பாதி உண்மை இருக்கிறது. பெனால்டி எத்தனை என்று எண்ணுவதில் பிரயோஜனம் குறைவு, எப்போது விழுந்தது என்றுதான் பார்க்க வேண்டும். பந்து கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் அசைந்துவிட்டால் 5 யார்டு. எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10. இதெல்லாம் முதல் கால் மணியில் நடந்தால் யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது. அதே 5 யார்டை, எதிரணிக்கு மூன்றாவது டவுனில் 3 யார்டு வேண்டியிருக்கும்போது டிஃபென்ஸ் தூக்கிக் கொடுத்தால் அந்த 3 யார்டும் சும்மா கிடைத்து, மறுபடி நான்கு வாய்ப்பு வந்துவிடுகிறது.

தம்பி மறக்க முடியாமல் தவிப்பது அதே ஆரிகன் ஆட்டத்தின் கடைசி அரை நிமிடமாகத்தான் இருக்கும். ஒரு புள்ளி பின்னால் இருந்த ஒஹாயோ ஸ்டேட், ஃபீல்டு கோல் அடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. அங்கே ரிசீவர், அதாவது எறிந்த பந்தைப் பிடிப்பவர், ஜெரமையா ஸ்மித் தடுப்பாட்டக்காரரைத் தள்ளினார் என்று ரெஃப்ரியின் பெனால்டி கொடி விழுந்தது. 15 யார்டு பின்னால் போனார்கள். அதுவாவது ரெஃப்ரியின் கண்ணுக்குப் பட்டதைப் பொறுத்தது, வாதாடலாம். அதற்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 10 விநாடி மிச்சம் இருக்கும்போது ஆரிகன் 11 பேருக்குப் பதிலாக 12 பேரைக் களத்தில் நிறுத்தியது. கூடுதலாக ஓர் ஆள் இருந்தால் எறிவதற்கு இடமே இருக்காது. ஒஹாயோ ஸ்டேட் எறிந்து பார்த்தது, பந்து யார் கைக்கும் போகவில்லை. விதிப்படி ஆரிகனுக்கு 5 யார்டு பெனால்டி. ஆனால் அதற்குள் ஓடிப்போன 4 விநாடி திரும்பி வராது. மிச்சம் 6 விநாடி. கடைசி முயற்சியில் ஹோவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி உட்காருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. 12 பேரை நிறுத்தியது தெரியாமல் நடந்தது இல்லை என்பதை ஆரிகன் பயிற்சியாளர் டேன் லானிங் பிறகு மறைக்கவும் இல்லை. அடுத்த வாரமே, கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்த ஓட்டையை அடைத்தது. கடைசி இரண்டு நிமிடத்தில் டிஃபென்ஸ் பக்கம் ஆள் கூடுதலாக இருந்தால், போன விநாடிகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

ஆக, பெனால்டி வாங்கிய அணிக்கே பெனால்டியால் லாபம் வந்த கதை இது. தம்பிக்கு வயிறு எரிவதில் ஆச்சரியமில்லை. என்றாலும் இதில் ரெஃப்ரியின் தவறு ஒன்றுமில்லை, விதியில் ஓட்டை இருந்தது, அதை ஒருவர் முன்கூட்டியே படித்து வைத்திருந்தார். எனக்கு லானிங் மேல் கோபமே வரவில்லை, கொஞ்சம் மரியாதைதான் வந்தது. இதை நீங்கள் தம்பியிடம் சொல்ல வேண்டாம்.

இனி "ப்ளேஆஃப் போச்சு" என்ற புலம்பல். 2024 ஐ.பி.எல். உங்களுக்கு மறந்திருக்காது. மே 18, பெங்களூரு, 27 ரன்னில் தோல்வி. ஆர்.சி.பி.க்கும் சி.எஸ்.கே.வுக்கும் ஆளுக்கு 14 புள்ளி, ரன் ரேட்டில் நாம் வெளியே. வலித்தாலும் அது கணக்கு. யாரையும் குறை சொல்ல முடியாது. இங்கே அந்தக் கொடுப்பினை கிடையாது. 130-க்கும் மேற்பட்ட அணிகள், வழக்கமான சீசனில் ஆளுக்கு 12 ஆட்டம்தான். பிக் டென் என்று பெயர் வைத்துக்கொண்டு 18 அணிகள் ஆடுகிற உங்கள் ஊர் லீக்கிலேயே எல்லோரும் எல்லோரோடும் மோத வழியில்லை. அதனால் 13 பேர் கொண்ட ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து வரிசைப்படுத்துகிறது. நவம்பர் வந்தால் செவ்வாய்க்கிழமை தோறும் பட்டியல் வரும். சில லீக் சாம்பியன்களுக்கு இடம் உறுதி, மீதி இடங்கள் குழுவின் மனசைப் பொறுத்தது.

அந்த மனசு எப்படி வேலை செய்யும் என்பதற்கு 2023-ன் ஃப்ளோரிடா ஸ்டேட் ஒன்று போதும். 13 ஆட்டம், 13 வெற்றி, லீக் சாம்பியன். ஆனால் நவம்பரில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த அடி. அப்போது ப்ளேஆஃப் நான்கே அணிகளுக்கு. அவர் இல்லாத அணி முன்பு மாதிரி இல்லை என்று முடிவு செய்து குழு அவர்களைக் கழற்றிவிட்டது. ஒரு தோல்வியோடு இருந்த அலபாமா உள்ளே போனது. ஒருமுறைகூடத் தோற்காதவனை வெளியே நிறுத்துவதை என்னால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிறகு ஆரஞ்ச் பௌல் என்ற சீசன் கடைசி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று உதை வாங்கினார்களே என்று குழுவின் கட்சிக்காரர்கள் காட்டுவார்கள். அதற்குள் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் விலகியிருந்தார்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வருடமே ப்ளேஆஃப் 12 அணிகளுக்கு விரிந்தது. அதில் முதல் பலன் அடைந்ததே உங்கள் மாப்பிள்ளையின் அணிதான். மிச்சிகனிடம் தோற்ற அன்று தலைமைப் பயிற்சியாளர் ரையன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஊரே கத்தியது. மிச்சிகனிடம் 2021-லிருந்து தொடர்ந்து நான்காவது தோல்வி வேறு. பழைய முறையாக இருந்தால் குழுவின் பட்டியலில் ஆறாவதாக இருந்த அணிக்கு இடமே இல்லை. புதிய முறையில், லீக் சாம்பியன்களுக்கு முன்னிடங்கள் போனதால் எட்டாவது அணியாக உள்ளே வந்து, டென்னஸியை 42-17, அக்டோபரில் அழ வைத்த அதே ஆரிகனை 41-21, டெக்சஸை 28-14, கடைசியாக அட்லான்டாவில் நோட்ர டாமை 34-23 என்று வரிசையாக வீழ்த்தி, 2025 ஜனவரி 20-ல் கோப்பையைத் தூக்கியது. "போச்சு" என்று சொன்ன நாளிலிருந்து 51-வது நாள்.

அந்த டெக்சஸ் ஆட்டத்தை வீட்டில் பதிவாக வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். 7 புள்ளி பின்தங்கியிருந்த டெக்சஸ், கோட்டுக்கு ஒரே யார்டு தூரத்தில் நிற்கிறது. ஒரு டவுனில் பக்கவாட்டில் ஓடப் போய் 7 யார்டு பின்னால் போகிறார்கள். நான்காவது டவுனில் ஒஹாயோ ஸ்டேட் டிஃபென்ஸின் ஜாக் சாயர் பாய்ந்து குவார்ட்டர்பேக் க்வின் யூயர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்துக்கொண்டு, அந்தக் கனத்த உடம்போடு 83 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். யூயர்ஸ் ஒரு காலத்தில் ஒஹாயோ ஸ்டேட்டில் இருந்தவர். சாயரின் அறைத் தோழர். மாப்பிள்ளை இனிமேல் டிஃபென்ஸைத் திட்டினால் "83 யார்டு" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பேசலாம், ஆனால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அண்ணன் தம்பிக்கு நடுவே மாமியார் மத்தியஸ்தம் செய்தால், யார் ஜெயித்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். "வெறும் விளையாட்டுதானே" என்ற வாக்கியத்தை எந்தக் காரணத்துக்காகவும் வாயில் எடுக்காதீர்கள். சேப்பாக்கத்தில் தோற்ற ராத்திரி உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்?

அதற்குப் பதிலாக ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் ஒவ்வொரு மூன்றாவது டவுனுக்கும் எத்தனை யார்டு வேண்டியிருந்தது, கிடைத்ததா இல்லையா என்று எழுதுங்கள். எதிரணிக்குப் பந்து எந்த யார்டில் கிடைத்தது என்று இன்னொரு பத்தி. பெனால்டி விழுந்தால் அதே வரியில் ஒரு பெருக்கல் குறி. ஆட்டம் முடிந்ததும் நோட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். அண்ணன் கட்சியா தம்பி கட்சியா என்று அதைப் பார்த்து அவர்களே அடித்துக்கொள்ளட்டும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மௌனத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். திங்கட்கிழமையும் தொடர்ந்தால் அதற்குக் காரணம் ஃபுட்பால் இல்லை, வேறு ஏதோ இருக்கிறது. அதை மகள் மூலமாக விசாரிக்கலாம், நீங்களாக இறங்க வேண்டாம்.

குழந்தை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மதியம் 12 மணி ஆட்டம் என்றால் சத்தம் போட்டுவிட்டுப் போகட்டும். ராத்திரி ஏழரைக்கு ஆரம்பித்தால் முடிய பதினொன்று ஆகும். அன்றைக்கு இருவரும் பேஸ்மென்ட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மிச்சிகன் ஆட்டம். அன்றைக்குப் பேத்தியையோ பேரனையோ தூக்கிக்கொண்டு மகளோடு வேறு வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். நோட்டை மறக்காமல் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.