ஸ்டாக் இருந்தாலும் எஸ்.டி.பி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஸ்டாக் என்றால் பல நெட்வொர்க் ஸ்விட்ச்களைக் கேபிளால் இணைத்து ஒரே ஸ்விட்ச்சாக ஓட்டுவது. எஸ்.டி.பி என்பது நெட்வொர்க்கில் வளையம் உருவானால் ஒரு பாதையை அடைத்துவிடும் நெறிமுறை. கிண்டியில் ஓர் அலுவலகத்தில் யூ.பி.எஸ்ஸை நகர்த்தும்போது ஒற்றை ஸ்டாக் கேபிள் கழன்றது. ஒரே ஸ்விட்ச்சாக இருந்தது இரண்டானது. இரண்டுமே அதே ஐ.பி.யோடு 'நான்தான் மாஸ்டர் (ஸ்டாக்கை நடத்தும் ஸ்விட்ச்)' என்றன. மாடி ஸ்விட்ச்களிலிருந்து ஸ்டாக்கின் இரண்டு பாதிகளுக்கும் கேபிள் போயிருந்தது. எல்.ஏ.சி.பி (பல கேபிள்களை ஒரே இணைப்பாக்கும் முறை) கட்டு பிரிந்து போர்ட்டுகள் தனித்தனியாக ஓடியதும் அது அசல் வளையம். ஈதர்நெட் ஃபிரேமுக்கு டி.டி.எல் (ஆயுள் வரம்பு) கிடையாது, பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் செய்தி) சுற்றிக்கொண்டே இருக்கும். அன்று ரேக்கில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் மின்னின! எஸ்.டி.பி.யை யாரோ 'தேவையில்லை' என்று அணைத்திருந்தார்கள்.

சரி, எஸ்.டி.பி.யின் வேகமான வடிவமான ஆர்.எஸ்.டி.பி.யை ஆனில் வையுங்கள். ஸ்டாக் கேபிள்களை வட்டமாகப் போட்டால் ஒன்று அறுந்தாலும் ஸ்டாக் பிழைக்கும். இரட்டை மாஸ்டரைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். இரு பாதியும் ஒரே மேக் முகவரியோடு (வன்பொருள் அடையாள எண்) ஓடினால் எஸ்.டி.பி.யே குழம்பும். அப்புறம், மேஜைப் போர்ட்டுகளில் பி.பி.டி.யு கார்டு போடுங்கள்; எஸ்.டி.பி செய்தி வந்தால் அது அந்தப் போர்ட்டை மூடிவிடும்.