வாசகர் கேள்வி பதில்: சுங்கை சிப்புட்டில் சோலாரிஸ் திராட்சை

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்புறப் பந்தலில் படர்ந்துள்ள திராட்சைக் கொடியில், மழைக்காலத்தில் இலையின் மேற்புறம் எண்ணெய் பட்டாற்போல் மஞ்சள் புள்ளிகளும் அடிப்புறம் வெண்பஞ்சும் காணப்படுகின்றன. வெள்ளை ஒயினுக்கான ‘சோலாரிஸ்’ என்னும் கலப்பினக் கொடிக்கு இந்நோயே வராது என்று ஜெர்மனியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். அதை இங்கே நடலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: நீங்கள் விவரிப்பது அடிச்சாம்பல் நோய். இதை உண்டாக்கும் நுண்ணுயிர், நனைந்த இலையின் மீது நீந்திச் சென்று இலைத்துளை வழியே உள்ளே புகுவதாகையால், மாலை மழை வழக்கமான பேராக்கில் அதற்குக் கொண்டாட்டம்தான். அமெரிக்காவிலிருந்து பரவி 1878இல் பிரான்சில் கண்டறியப்பட்ட இந்நோய்க்கு எதிராகவே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை 1885 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது.

சோலாரிஸ் 1975இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் ஆய்வு நிலையத்தில் உருவானது. அதன் முன்னோரில் ரீஸ்லிங் போன்ற ஐரோப்பிய ஒயின் வகைகளோடு, அமெரிக்கக் காட்டுத் திராட்சையும் கிழக்காசியாவின் ஆமூர் திராட்சையும் கலந்துள்ளன. கிருமி புகுந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமே மடிந்துவிடுவதால், உயிருள்ள செல்லையே உண்டு வாழும் அக்கிருமி பட்டினி கிடக்கிறது. பஞ்சு படர வேண்டிய இடத்தில் சிறு கருகலே மிஞ்சுகிறது. ‘நோயே வராது’ என்பது மட்டும் மகனின் மிகை. இத்தகைய எதிர்ப்பை மீறும் கிருமி இனங்கள் ஏற்கெனவே தோன்றிவிட்டமையால், முன்யோசனையுள்ள விவசாயிகள் அங்கேயும் ஓரிரு முறை மருந்தடிக்கிறார்கள்.

ஆயினும் நான் இதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் நோயன்று, பருவம். சோலாரிஸ் குறுகிய கோடையிலேயே பழுத்துச் சர்க்கரை ஏறும் வகை என்பதால்தான் டென்மார்க், சுவீடன் வரை போயிருக்கிறது. குளிரில் உறங்கி எழுந்தால்தான் அதன் மொட்டுகள் ஒருசேரத் துளிர்க்கும். நம் பால்மரமாவது ஆண்டுக்கொரு முறை இலையுதிர்த்து ஓய்வெடுக்கிறது. இக்கொடிக்கு இங்கே அந்த ஓய்வும் கிட்டாது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை காய்ப்பதற்குக் காரணம், குளிர் செய்யும் வேலையை அங்கே கவாத்துக் கத்தி செய்வதே.

எனவே இருக்கும் கொடியையே காப்பாற்றுங்கள். பந்தலுக்கு மேல் தெளிந்த பிளாஸ்டிக் கூரை அமைத்து இலை நனையாமல் தடுப்பதே முதல் மருந்து. நோய் கண்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, காற்று புகும்படி அடர்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். தண்ணீரை வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.