இந்துத் திருமணத்தில் மணமக்கள் எடுக்கும் உறுதிமொழி எது? அதன் பொருள் என்ன?

உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் முகூர்த்தத்துக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு 28 வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

தாலி கட்டும்போது சொல்லும் ‘மாங்கல்யம் தந்துநானேன’தான் உறுதிமொழி என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அது ‘நீ நூறாண்டு வாழ்க’ என்று முடிகிற சுலோகம். உண்மையான வாக்கு அதற்குப் பிறகு, அக்னிக்குப் பக்கத்தில் ஏழடி வைக்கும் சப்தபதியில் வருகிறது. அந்த நேரத்தில் பாதி மண்டபம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

என் கல்யாணத்தில் எனக்கு நினைவிருப்பது கண்ணெரிச்சலும், யாரோ கால் கட்டைவிரலைப் பிடித்த கூச்சமும்தான். போன வருஷம் பெண்ணின் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி கல்யாணம் பண்ணிவைக்கும் வாத்தியாரிடம் போய், “மாமா, சப்தபதிக்கு மட்டும் தமிழில் அர்த்தம் சொல்லுங்கோ” என்று கேட்டுக்கொண்டேன். அவரும் சொன்னார். மாப்பிள்ளை குனிந்து, பெண்ணின் வலது கால் கட்டைவிரலைக் கையால் பிடித்து ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கிறான். உணவுக்கு, வலிமைக்கு, விரதத்துக்கு, சுகத்துக்கு, கால்நடைச் செல்வத்துக்கு, பருவங்களுக்கு, ஏழாவது வேள்விக்கு. ஒவ்வோர் அடியிலும் ‘விஷ்ணு உன்னைப் பின்தொடர்ந்து வரட்டும்’ என்கிறான். ஏழாவது அடியில், “ஏழடி நடந்து நாம் சிநேகிதர்களானோம். உன் சிநேகத்தை விட்டு நான் விலகமாட்டேன், நீயும் விலகாதே” என்கிறான். சிநேகிதன் என்று அர்த்தமுள்ள ‘ஸகா’ என்பதுதான் அங்கே வரும் சொல். எஜமானன் என்றோ அடிமை என்றோ ஒரு வார்த்தை இல்லை. கேட்டுக்கொண்டே நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலாவது அடியில் போட்டோகிராபர், “சார், இங்க பாருங்க” என்றார். மாப்பிள்ளை நிமிர்ந்தார், விரல் நழுவியது. வாத்தியார் மந்திரத்தை நிறுத்தி, அந்த அடியைத் திரும்ப எடுத்து வைக்கச் சொன்னார். காலையில் என் கணவர் மாப்பிள்ளையின் காலை அலம்பியபோது இருபது போன்கள் படம் எடுத்தன. மாப்பிள்ளை என் பெண்ணின் காலைப் பிடித்தபோது சுற்றி இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர்.

நான் சமஸ்கிருதம் படித்தவள் இல்லை. இது ஆபஸ்தம்பர் எழுதிய சடங்கு நூலைப் பின்பற்றும் எங்கள் வீட்டு வழக்கம், வேறு ரிஷிகளின் சூத்திர நூல்களைப் பின்பற்றுகிறவர்களுக்கு மந்திரம் கொஞ்சம் மாறும். வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏழு சபதம்’ பட்டியலைக் காட்டிச் சண்டைக்கு வராதீர்கள். மந்திரமில்லாத கல்யாணம் மட்டம் என்றும் நான் சொல்லவில்லை. சப்தபதி வழக்கம் இருக்கும் வீடுகளில் ஏழாவது அடியில்தான் திருமணம் முழுமையாகிறது என்கிறது 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். தமிழ்நாட்டில் 1967இல் வந்த திருத்தத்தின்படி, புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலும் செல்லும். புரிகிற மொழி என்ற அந்த விஷயத்தில் அப்படிக் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் செய்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.



வாத்தியாரிடமும் போட்டோகிராபரிடமும் முதல் நாளே பேசிவிடுங்கள். தாலி கட்டியதும் சாப்பிட எழுந்திருக்க வேண்டாம் என்று உங்கள் அத்தை, சித்தி, மாமாவிடமும் சொல்லி வையுங்கள்.