காது மெஷின் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர். இரண்டு மூன்று வருடங்களாகக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. கூப்பிட்டால் திரும்புகிறார், ஆனால் சொல்வது புரியவில்லை என்கிறார். ஒரு கடையில் இலவசமாகப் பரிசோதனை செய்துவிட்டு, 20 சேனல் கருவி ஜோடி 1,80,000 ரூபாய், இன்றைக்கே எடுத்தால் 40 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். 45,000 ரூபாயிலும் ஒரு ஜோடி உண்டாம். ஆனால் அது சும்மா சத்தத்தை மட்டும்தான் கூட்டுமாம். எதை வாங்குவது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இன்றைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். காது கேளாமை ஒரே நாளில் வந்ததில்லை, தள்ளுபடிக்காக ஒரே நாளில் முடிவெடுக்கவும் தேவையில்லை.

முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அழுக்கு இறுகி அடைத்திருந்தாலும், செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும், உள்ளே நீர் கோத்திருந்தாலும் கேட்பது குறையும். சிலருக்கு அழுக்கை எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதன் பிறகு ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று தாளில் வரைந்து காட்டும் பரிசோதனை. இதை விற்பனை செய்யாத இடத்தில் எடுப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை உண்டு. கடையில் எடுத்திருந்தால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மாட்டோம், கருவி வாங்கினால்தான் தருவோம் என்று சொல்லும் கடையில் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

அந்தத் தாளில் இடமிருந்து வலமாக 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதாவது தடித்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை. மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு கேளாமை. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் ஓரளவு மேலேயே இருக்கும், வலப்பக்கம் சரிந்துவிடும். உயிரெழுத்து ஓசைகள் காதில் விழும், வல்லின ஓசைகள் நழுவிவிடும். 'பத்து', 'பட்டு', 'கட்டு' எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். அப்பா 'கேட்கிறது, புரியவில்லை' என்று சொல்வதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அவரிடம் கத்திப் பேசுவதில் பயன் இல்லை. முகம் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சொற்களைச் சொல்லச் சொல்லி எத்தனை சரியாகப் புரிகிறது என்று பார்க்கும் பேச்சுப் பரிசோதனையும் உண்டு. அதையும் செய்யச் சொல்லுங்கள். அதில் மதிப்பெண் மிகக் குறைவாக வந்தால், எத்தனை லட்சம் கொடுத்தாலும் கருவியால் ஓரளவுக்குத்தான் உதவ முடியும். இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். இன்றைய டிஜிட்டல் கருவி எதுவும் வெறுமனே சத்தத்தைக் கூட்டுவதில்லை. குறைந்த விலைக் கருவியும் எந்த ஒலி எவ்வளவு குறைவாகக் கேட்கிறதோ, அதற்கு ஏற்ப அந்த ஒலியை மட்டும் உயர்த்தும். விலை கூடக் கூட, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன், தானாகச் சூழலுக்கு மாறுவது, போனோடு இணைவது எல்லாம் சேர்கின்றன. கல்யாண மண்டபம், கூட்டம், அலுவலகம் என்று அலைகிறவருக்கு அது உதவும். பெரும்பாலும் வீட்டில், நான்கு பேரோடு பேசிக்கொண்டு டி.வி. பார்க்கும் ஒருவருக்கு, என் கருத்தில், அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் வீண். சேனல் என்பது கருவி ஒலியைப் பிரித்துத் தனித்தனியாகச் சரிசெய்யும் பட்டைகள். அந்த எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமராவை மெகாபிக்சல் பார்த்து வாங்குவது போலத்தான் அது.

நான் பணம் செலவழிக்கச் சொல்வது வேறு இடத்தில். கருவியைக் கணினியோடு இணைத்து, ஆடியோகிராமுக்கு ஏற்றபடி சரிசெய்து தருபவர் யார்? அவர் ஆடியாலஜிஸ்ட்டா (கேட்புத் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தப் படித்தவர்), விற்பனையாளரா? இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா? பதிவு எண்ணைக் கேட்கலாம், தவறே இல்லை. முதல் நாள் வைக்கும் அளவு கடைசி அளவாக இருக்காது. அடுத்த சில வாரங்களில் இரண்டு மூன்று முறை போய்த் திருத்திக்கொள்ள வேண்டிவரும். அந்த வருகைகள் விலைக்குள் அடக்கமா? காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளக்கும் வசதி அங்கே இருக்கிறதா? வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில நாள் போட்டுப் பார்க்க விடுவார்களா? நன்றாகச் சரிசெய்த 45,000 ரூபாய்க் கருவி, ஏனோதானோவென்று மாட்டிவிட்ட 1,80,000 ரூபாய்க் கருவியைவிட நன்றாகக் கேட்கும். இரண்டு காதிலும் குறை இருந்தால், விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு வாங்குவதே மேல்.

பில் விஷயத்தில் மூன்று. கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வரி என்று கூட்டினால் கேளுங்கள். இரண்டு கருவிகளின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். வாரண்டி எத்தனை வருடம், வியர்வை, ஈரத்தால் வரும் பழுதும் அதில் சேருமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்ன வாரண்டி, கடையில் ஆள் மாறியதும் போய்விடும்.

கேள்வி: ஆன்லைனில் 1,999 ரூபாய்க்குக் காது மெஷின் கிடைக்கிறது. ரிவ்யூவும் நன்றாக இருக்கிறது. மாமனாருக்கு வாங்கலாமா?
- வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம். அந்த விலையில் வருவது பெரும்பாலும் வெறுமனே சத்தத்தைக் கூட்டும் கருவிதான். நன்றாகக் கேட்கும் ஒலியையும், கேட்காத ஒலியையும் ஒரே அளவில் தூக்கும். பேச்சு தெளிவாகாது, மிக்ஸி போட்டால் காது வலிக்கும். இருக்கிற கேட்புத் திறனும் கெட வாய்ப்பு உண்டு. அதைவிட மோசம், ஒருமுறை அதைப் போட்டுப் பார்த்து வெறுத்தவர் அப்புறம் நல்ல கருவியையும் தொடமாட்டார்.

கேள்வி: மூன்று நாள் முன்பு காலையில் எழுந்தபோது இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. உள்ளே 'ஙொய்' என்று சத்தம் வேறு. ஒரு காதுக்கு மட்டும் கருவி என்ன விலை ஆகும்?
- வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே. கருவிக் கடைக்குப் போகாதீர்கள், இன்றே காது மருத்துவரிடம் போங்கள். திடீர்க் கேளாமை அவசர மருத்துவப் பிரச்சினை. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள், தள்ளிப்போனாலும் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்பது திரும்பி வர நல்ல வாய்ப்பு. சளி, அழுக்கு என்று நாமாகவே நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருப்பதில்தான் பலர் அந்த நாட்களை இழக்கிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 60,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினோம். பத்து நாள் போட்டார். இரைச்சல், சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருக்கிறது, ஒரு பக்கம் விசில் அடிக்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். கடையில் கேட்டால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். வழக்குப் போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன்பு ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றில் எதுவும் கருவி பழுது என்பதற்கு நேரடி அறிகுறி இல்லை. வருடக்கணக்காகக் கேட்காத மின்விசிறிச் சத்தமும் பாத்திரச் சத்தமும் திடீரென்று கேட்டால் எரிச்சலாகத்தான் இருக்கும். மூளை பழக சில வாரங்கள் ஆகும். முதலில் வீட்டில், அமைதியான நேரத்தில், தினமும் சில மணி நேரம் போடட்டும். கூட்டத்துக்குப் பிறகு போகலாம். குரல் அடைத்துக் கேட்பதற்குப் பெரும்பாலும் காதுக்குள் போகும் ரப்பர் முனையோ, காது அளவெடுத்துச் செய்த அச்சோ காற்று புகாமல் மூடுவதுதான் காரணம். காற்றுத் துளை உள்ளதாக மாற்றிப் பார்க்கலாம். விசிலுக்குக் காரணம் முனை சரியாகப் பொருந்தாமல் ஒலி வெளியே கசிவது, அல்லது காதில் அழுக்கு. இதையெல்லாம் சரிசெய்வது விற்றவரின் வேலை. நீங்கள் கொடுத்த 60,000 ரூபாயில் அதற்கான கூலியும் அடக்கம்.

எனவே முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும், தொலைபேசி வேண்டாம், பதிவு இருக்காது. என்ன குறை, எந்தத் தேதியில் வருகிறீர்கள், என்ன செய்து தர வேண்டும் என்று குறிப்பிடுங்கள். அவர்கள் சரிசெய்ய மறுத்தாலோ, சரிசெய்த பிறகும் கருவி வேலை செய்யாவிட்டாலோ, வேறொரு ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டி, கருவி போட்டபோதும் போடாதபோதும் எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து அறிக்கை வாங்குங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தத் தாளில்தான்.

பில்லில் உள்ள அந்த வாசகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ஆனால் அது குறைபாடுள்ள பொருளுக்குத்தான். 'அம்மாவுக்குப் பிடிக்கவில்லை' என்பது அதில் வராது. அதனால்தான் வீட்டில் போட்டுப் பார்க்கும் காலத்தை முன்பே எழுதி வாங்குங்கள் என்று சொல்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். நிறையப் புகார்கள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை.

கேள்வி: செல் போடுவது நல்லதா, சார்ஜ் போடுவது நல்லதா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: விரல் நடுங்குகிறவர், பார்வை மங்கியவர் என்றால் சார்ஜ் போடுவதே. இரவில் பெட்டியில் வைத்தால் காலையில் தயார். ஆனால் அதன் உள் பேட்டரி நான்கைந்து வருடத்தில் தளரும், மாற்ற என்ன செலவு என்று இப்போதே கேளுங்கள். செல் என்றால் அளவு எண்ணுக்கு ஏற்ற நிறம் பார்த்து வாங்கலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். எந்த நிறுவனத்துடையதானாலும் இதே நிறம்தான். ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடமாவது காற்றுப் பட வைத்துவிட்டுப் போடுங்கள், காற்றிலிருந்துதான் அது வேலை செய்கிறது. உரித்த செல்லில் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும், எந்த வகை வாங்கினாலும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று அவசியம்.

கேள்வி: மகளுக்கு இரண்டு வயது. பேச்சு வரவில்லை. காது நரம்பைச் சோதிக்கும் பெரா டெஸ்ட்டில் இரண்டு காதும் கேட்காது என்று வந்திருக்கிறது. காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷனுக்குப் பல லட்சம் ஆகும் என்கிறார்கள். கணவர் கட்டட வேலை செய்கிறார்.
- வாசகி, தர்மபுரி

பதில்: கடன் வாங்கும் முன், கலைஞர் காப்பீட்டு அட்டை என்று நம் ஊரில் சொல்லும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விசாரியுங்கள். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை அதில் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் பெயரைப் பதிந்து வையுங்கள். மத்திய அரசின் உதவித் திட்டத்திலும் இதற்கு வழி உண்டு. நாள் கடத்தாதீர்கள். மொழி பதியும் வயது இது. சிகிச்சைக்குக் காத்திருக்கும் மாதங்களில் சாதாரணக் கருவி போட்டுப் பயிற்சியைத் தொடங்கலாம், இப்போதே கேளுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்தவுடன் குழந்தை பேசிவிடாது. ஒன்றிரண்டு வருடம் விடாமல் பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். தர்மபுரியிலிருந்து எங்கே போவது, பஸ் செலவு என்ன என்று முதலிலேயே கணக்கிடுங்கள். வெளியே மாட்டும் கருவியின் வயர், காயில், பேட்டரி தேய்ந்தால் யார் தருவார்கள், என்ன விலை என்பதையும் கேளுங்கள். வயர் அறுந்து மாற்றக் காசில்லாமல் கருவி மூலையில் கிடந்தால், அத்தனை லட்சமும் வீண். சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். குழந்தை உங்களோடு பேச எந்த வழி இருந்தாலும் நல்லதே.

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழிதான். கருவி வேண்டாம். தனியாக வாடகை வீட்டில் இருக்கப் போகிறேன். என்னென்ன வாங்க வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: காலிங் பெல்லுக்கு, அழுத்தினால் வீட்டுக்குள் விளக்கு மின்னும் வகை. வயர்லெஸ்ஸில் கிடைக்கிறது, சமையலறையிலும் படுக்கையறையிலும் ஒவ்வொரு விளக்கு வையுங்கள். எழுப்ப, தலையணைக்கடியில் அதிரும் அலாரம், அல்லது கையில் அதிரும் சாதாரண ஸ்மார்ட் வாட்ச். வாட்ச்தான் மலிவு, போன் வந்தாலும் தெரியும். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் இலவசம். எதிரே இருப்பவர் தமிழில் பேசுவதை எழுத்தாகக் காட்டும். வீட்டுக்காரரிடமும் மெடிக்கலிலும் உதவும். சத்தமான இடத்தில் தப்பும் தவறுமாக எழுதும், அதனால் டாக்டரிடம் மருந்து அளவை அதை நம்பி முடிவு செய்யாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை அழுகை, தீ அலாரம் போன்ற சத்தத்தைக் கேட்டு அதிர்ந்து தெரிவிக்கும் அமைப்பு பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோனிலும் உள்ளேயே இருக்கிறது, அணுகல்தன்மைப் பகுதியில் தேடுங்கள்.

எந்தப் பொருள் வாங்கினாலும் சர்வீஸ் சென்டருக்கு வாட்ஸ்அப் அல்லது மின்னஞ்சல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் பழுதானால் 'இந்த எண்ணை அழைக்கவும்' என்று மட்டும் போட்டிருந்தால் உங்களுக்கு அது பாதி வாரண்டிதான். டெலிவரி முகவரியின் கடைசியில் 'காது கேட்காது, மெசேஜ் அனுப்பவும்' என்று சேர்த்துவிடுங்கள். போனை எடுக்கவில்லை என்று பார்சலைத் திருப்பி எடுத்துப் போவது குறையும்.